நோர்ஸ் புராணத்தின் சிறு பாத்திரங்கள்: யாருடைய தடம் இன்றும் இருக்கிறது?

தண்டையார்பேட்டைப் படிப்பகம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் படிப்பகத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வருகிறோம். பாரதக் கிளைக்கதைகளையும் கிரேக்கக் கதைகளையும் முடித்துவிட்டு, இப்போது வட ஐரோப்பாவின் நோர்ஸ் புராணத்துக்கு வந்திருக்கிறோம். தேவர்களின் தலைவன் ஓடின், இடித்தேவன் தோர், வஞ்சகன் லோகி ஆகிய மூவரையும் திரைப்படங்கள் வழியாகவும் கைப்பேசி விளையாட்டுகள் வழியாகவும் பிள்ளைகள் முன்பே நன்கு அறிந்திருக்கிறார்கள். ஆனால் அம்மூவரைச் சுற்றி நிற்பவர்களைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் என்னிடம் போதிய விடை இல்லை. தோருடைய சம்மட்டியின் பிடி ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது, அதைச் செய்தவர் யார் என்று ஏழாம் வகுப்புப் படிக்கும் மாணவன் கேட்டான். காசிமேட்டிலிருந்து வரும் சிறுமி, "அவங்க ஊர்ல கடலுக்குச் சாமி இல்லையா?" என்று கேட்டாள்.

ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்நோரி ஸ்டுர்லுசன் எழுதிய உரைநடை எட்டாவும், அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் தோலேட்டில் படியெடுக்கப்பட்ட பாடல் தொகுப்பான செய்யுள் எட்டாவுமே நமக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்றுகள். இரண்டையும் ஆங்கிலத்தில் வாசித்துப் பார்த்தேன். சில வரிகளில் தலைகாட்டிவிட்டு மறைந்துபோகும் பெயர்களே அவற்றில் மிகுதி. உலக மரத்தின் உச்சியில் இருக்கும் கழுகுக்கும், வேரைக் கடித்துக்கொண்டிருக்கும் நாகத்துக்கும் இடையே ஓடி ஓடிக் கோள் மூட்டும் ரடடோஸ்கர் என்னும் அணிலுக்குச் செய்யுள் எட்டாவில் ஒரே ஒரு பாட்டுதான் உண்டு. ஆயினும் அதன் பெயர் இன்றைய விளையாட்டுகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே என் கேள்வி இது. இந்தச் சிறு பாத்திரங்களில் திரைப்படங்களின் தயவு இல்லாமலேயே மக்களின் வாழ்விலும் கலையிலும் தொழிலிலும் நிலைத்துவிட்டவர்கள் யார்? மூலத்தில் இவ்வளவு குறைவாகச் சொல்லப்பட்டவர்கள் எப்படி நிலைத்தார்கள்? பிள்ளைகளிடம் சொல்லத் தகுந்தவற்றை, மூலத்தில் உள்ளபடியே, உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காசிமேட்டுக் கரை:

தோழருக்கு வணக்கம். எங்கள் ஊர்ச் சிறுமியின் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய கடலுக்குச் சாமி இல்லாமல் இல்லை. ஒரு குடும்பமே இருக்கிறது. துறைமுகத்துக்கும் காற்றுக்கும் மீன்வளத்துக்கும் உரியவர் நியோர்ட். ஆழ்கடலுக்கு உரியவர் ஏகிர். ஏகிரின் மனைவி ரான். கடலில் மூழ்குவோரை அள்ளி எடுப்பதற்கு அவளிடம் ஒரு வலை உண்டு. அவர்களுடைய ஒன்பது பெண்களும் ஒன்பது வகை அலைகள்.

நியோர்டின் கதையைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள் என்று நினைக்கிறேன். தன் தந்தை தியாசியைத் தேவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட ஸ்காடி என்னும் மலைப்பெண், தலைக்கவசமும் போர்க்கருவிகளும் பூண்டு பழிவாங்க வந்து நிற்கிறாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்காக, தங்களில் ஒருவரை அவள் கணவனாகத் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் பாதங்களை மட்டும் பார்த்தே தேர வேண்டும் என்று தேவர்கள் சொல்கிறார்கள். மிக அழகிய பாதங்களைக் கண்டதும் இவை பேரழகனாகிய பால்டருடையவைதாம் என்று எண்ணி அவள் கை காட்ட, அவை நியோர்டின் பாதங்களாக இருந்துவிடுகின்றன. மணமான பின்பு அவளுக்கு மலை வேண்டும், அவருக்குக் கடற்கரை வேண்டும். மலையில் ஒன்பது இரவுகள் தங்கிவிட்டுத் திரும்பும் நியோர்ட், ஓநாய்களின் ஊளை தனக்குப் பிடிக்கவில்லை என்று பாடுகிறார். கரையில் தங்கிய ஸ்காடியோ, கடற்காக்கைகளின் கூச்சலில் தன்னால் உறங்கவே முடியவில்லை என்று பாடுகிறாள். கடைசியில் அவள் மலைக்கே திரும்பிவிடுகிறாள். அவரவர் நிலம் அவரவருக்கு என்பதை ஐந்திணை படித்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் என்னை உண்மையிலேயே உலுக்கியவள் ரான். அவளுக்கென்று தனிக்கதை ஏதும் இல்லை. வேறு கதைகளுக்குள்தான் அவள் வருகிறாள்; அதிலும் பெரும்பாலும் சாவு நெருங்கும் இடத்தில். ஃபிரித்யோஃப் என்பவனைப் பற்றிய பழைய ஐஸ்லாந்துக் கதையில், புயலில் கப்பல் உடையும் நிலைக்கு வந்தபோது, ரானுடைய மண்டபத்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று சொல்லி, அவன் தன் பொற்காப்பைத் துண்டு துண்டாக வெட்டித் தன்னோடு வந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறான்.

10ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் வாழ்ந்த எகில் என்னும் பாவலரின் மகன் பெட்வார், மரம் ஏற்றிவந்த படகு புயலில் கவிழ்ந்து இறந்துபோகிறான். கரை ஒதுங்கிய உடலை எகில் தம் கைகளால் எடுத்துச் சென்று தம் தந்தையின் புதைமேட்டில் அடக்கம் செய்துவிட்டு, படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டு, உணவும் நீரும் இன்றிச் சாகக் கிடக்கிறார். மகள் தோர்கெர்ட் வந்து, நானும் உங்களோடு சாகிறேன் என்று சொல்லி உள்ளே நுழைகிறாள். விரைவில் சாவு வரும் என்று சொல்லி ஒரு கடற்பாசியைத் தானும் மென்று அவருக்கும் மெல்லக் கொடுக்கிறாள். அதன் உப்பால் தாகம் எடுக்கிறது. தண்ணீர் என்று நினைத்து அவர் வாங்கிக் குடித்த கொம்பில் பால் இருக்கிறது. நோன்புதான் முறிந்துவிட்டதே, தம்பிக்கு இரங்கற்பா ஒன்றைப் பாடுங்கள், நான் அதைக் கோலில் பொறித்து வைக்கிறேன், பிறகு வேண்டுமானால் இருவருமே சாவோம் என்கிறாள் அந்தப் பெண். அப்படிப் பிறந்த பாட்டில்தான் எகில் ரானைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறார். என் குலத்தின் கயிற்றைக் கடல் அறுத்துவிட்டது, ரான் என்னைக் கொள்ளையடித்துவிட்டாள், வாளால் தீர்க்கக்கூடிய வழக்காக இருந்தால் ஏகிரை நான் விட்டிருக்க மாட்டேன் என்று பாடப் பாட அவருக்கு வலிமை திரும்புகிறது. பாட்டு முடியும்போது அவர் எழுந்து உட்காருகிறார்.

எங்கள் கரையில் கடலைத் தாய் என்று கும்பிடுகிறவர்களே, போன படகு திரும்பாத நாளில் அவளை வாய்விட்டுத் திட்டி அழுவதை நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். ஆகவே ரான் ஏன் நிலைத்தாள் என்பது எனக்கு ஆராய்ச்சிக்குரிய கேள்வியாகவே தோன்றவில்லை. கடல் செய்யும் அநியாயத்துக்கு முறையிடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக அவள் இருந்தாள்.

ஏகிரின் பெயர் நம் காலத்திலும் கடலிலேயே ஓடியது. ஐஸ்லாந்துக் கடலோரக் காவற்படைக் கப்பல்களுக்கு ஏகிர், டியூர், தோர், ஓடின் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1972 செப்டம்பரில் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 12 கடல் மைலிலிருந்து 50 கடல் மைலாக விரித்தபோது, பிரிட்டனின் இழுவலைக் கப்பல்கள் அதை ஏற்காமல் உள்ளே வந்து மீன் பிடித்தன. அப்போது ஒரு கப்பலின் இழுவலைக் கம்பி வடத்தை முதன்முதலாக வெட்டிவிட்டது ஏகிர் என்னும் கப்பல்தான். வெட்டும் கருவியைப் பின்னால் கட்டி இழுத்தபடி எதிர்க்கப்பலின் வால்பக்கமாகக் குறுக்கே போவார்கள். வடம் அறுந்தால் வலையும் மீனும் கடலோடு போய்விடும். இழுவலை போடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதைக் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1975இல் ஐஸ்லாந்து எல்லையை 200 கடல் மைலாக உயர்த்தியது. அடுத்த ஆண்டே பிரிட்டன் அதற்கு உடன்பட்டது. கடல் தங்களுடையது என்று சொல்லி நிற்க வேண்டிய இடத்துக்கு அந்தச் சிறு நாடு அனுப்பிய பெயர்களில் ஏகிரும் ஒன்று என்பதைச் சிறுமியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உலைக்களம், பெரம்பூர்:

காசிமேட்டு அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டார். சம்மட்டியைப் பற்றிய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். என் தாத்தா வியாசர்பாடியில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். அப்பா ரயில்வே பணிமனையில் உலையடியில் வேலை பார்த்தவர். இந்தக் கதையை நான் வாசித்தபோது, உலையின் முன் நின்று பழகிய ஒருவரே இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

லோகி குறும்புக்காகத் தோரின் மனைவி சிஃபின் கூந்தலை வெட்டிவிடுகிறான். அதற்கு ஈடாக ஈவால்டி என்பவரின் மக்களாகிய குள்ளர்களிடம் பொற்கூந்தலும் வேறு இரண்டு அரும்பொருள்களும் செய்து வாங்கியவன், அத்தோடு நிற்காமல், புரோக் என்னும் இன்னொரு குள்ளனிடம், உன் அண்ணன் சிண்ட்ரியால் இவற்றுக்கு இணையாக மூன்று பொருள்கள் செய்ய முடியாது என்று தன் தலையையே பந்தயம் வைக்கிறான். சிண்ட்ரி உலையில் பன்றித்தோலை இட்டு, நான் வந்து எடுக்கும் வரை துருத்தியை நிறுத்தாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போகிறான். லோகி ஓர் ஈயாக மாறி வந்து, புரோக்கின் கையில் கடிக்கிறான். துருத்தி நிற்கவில்லை, பொன்மயிர்ப் பன்றி உருவாகிறது. அடுத்து உலையில் பொன் இடப்படுகிறது. ஈ கழுத்தில் முன்பைவிட வலுவாகக் கடிக்கிறது. அப்போதும் நிற்கவில்லை, ஒன்பது இரவுக்கு ஒருமுறை தன்னைப் போன்ற எட்டு வளையங்களைச் சொரியும் பொன்வளையம் பிறக்கிறது. மூன்றாவதாக இரும்பு இடப்படுகிறது. இம்முறை ஈ இமையிலேயே கடித்துவிடுகிறது. இரத்தம் வழிந்து கண்ணை மறைக்கிறது. துருத்தி தாழ்ந்த அந்த ஒரு நொடியில் புரோக் கையை எடுத்து ஈயை விரட்டிவிட்டு மீண்டும் துருத்தியைப் பிடிக்கிறான். அந்த ஒரு நொடியின் குறைதான் சம்மட்டியின் குட்டைப் பிடி.

துருத்தி போடுகிறவரின் மூச்சும் துருத்தியின் மூச்சும் ஒன்றாக ஓட வேண்டும் என்பார் தாத்தா. காற்று ஒரு முறை தவறினாலும் இரும்பின் மஞ்சள் நிறம் சிவப்பாக இறங்கிவிடும்; பிறகு அடித்தால் வெடிப்பு விழும். குறையோடு பிறந்த அந்தச் சம்மட்டியைத்தான் தேவர்கள் ஆறு பொருள்களிலும் மேலானது என்று தீர்ப்புச் சொன்னார்கள் என்பதையும் மாணவனிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள். பந்தயத்தில் தோற்ற லோகி, தலைதான் உன்னுடையது, கழுத்து உன்னுடையதன்று என்று வாதாடித் தப்பிக்க, புரோக் தன் அண்ணனின் குத்தூசியை வாங்கி அவன் உதடுகளைத் தைத்துவிடுகிறான்.

இக்கதைக்குக் கல்லில் ஒரு சான்று இருக்கிறது. டென்மார்க்கில் ஸ்னாப்டுன் என்னும் ஊரின் கடற்கரையில் 1950இல் மாக்கல் ஒன்று கிடைத்தது. வைகிங் காலத்து உலைக்கல் அது. துருத்தியின் மூக்கு நெருப்பில் கருகாமல் காப்பதற்காக உலைக்கும் துருத்திக்கும் நடுவே நிறுத்துவது. அதில் முறுக்கு மீசையோடு ஒரு முகம் செதுக்கப்பட்டிருக்கிறது. உதடுகளின் மேல் தையல் போட்டது போன்ற கீறல்கள் இருக்கின்றன. முகத்துக்குக் கீழே காற்று நுழையும் துளை. துருத்தியைக் கெடுக்க வந்தவனின் முகத்தைத் துருத்திக்கே காவலாக வைத்த அந்தக் கொல்லனின் மனத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஸ்நோரி இக்கதையை எழுதுவதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே அது பட்டறையில் பயன்பாட்டில் இருந்திருக்கிறது.

குள்ளர்களின் பெயர்களுக்கு நேர்ந்த வாழ்வு தனிக்கதை. செய்யுள் எட்டாவின் முதற்பாடலில் வெறும் பட்டியலாக வரும் டுவாலின், தோரின், ஃபிலி, கிலி, பொம்பூர் முதலிய பெயர்களை ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1937இல் வெளியிட்ட 'ஹாபிட்' நாவலில் குள்ளர்களுக்கு அப்படியே சூட்டினார். கந்தால்ஃப் என்ற பெயரும் அதே பட்டியலில் ஒரு குள்ளனுடையதுதான்.

தண்டையார்பேட்டைப் படிப்பகம்:

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சம்மட்டிக் கதையை நீங்கள் எழுதியுள்ள வரிசையிலேயே சொல்லப்போகிறேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் படிப்பகத்துக்குப் பார்வையற்ற மாணவன் ஒருவனும் வருகிறான். கதைகளை மிகக் கூர்ந்து கேட்பவன். பால்டரின் கதையில், அவனைக் கொல்லும் கருவியாகப் பயன்படுத்தப்படுபவன் ஹோடர் என்னும் பார்வையற்ற தேவன். இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதும் சரியன்று; சொன்னால் அவனுக்கு எப்படிப் படும் என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது. இதைப் பற்றியும் யாரேனும் எழுதினால் உதவியாக இருக்கும்.

சுவடிப்பித்தன், ராயபுரம்:

ஹோடரைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். "இவ்வளவு குறைவாகச் சொல்லப்பட்டவர்கள் எப்படி நிலைத்தார்கள்" என்ற உங்கள் முதற்கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன். சிறு பாத்திரம் என்று நாம் சொல்வது, பெரும்பாலும் நமக்குக் கிடைத்த ஏடுகளின் அளவை வைத்துத்தான். அந்த மக்களிடையே அவர்கள் சிறியவர்களாக இருந்தார்கள் என்று அதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது.

வளையாபதியும் குண்டலகேசியும் நமக்கு இன்று சில பாடல்கள்தாம். ஐம்பெருங்காப்பியங்களில் அவற்றை வைத்து எண்ணியவர்கள் முழு நூலையும் படித்திருந்தார்கள். நாம் படிக்கவில்லை, அவ்வளவே. ஐஸ்லாந்தின் நிலையும் அதுதான். செய்யுள் எட்டாவின் பாடல்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு தோலேட்டில்தான் இருக்கின்றன. அது 1643இல் பிஷப் பிரின்யோல்ஃபுர் ஸ்வேன்சன் கைக்கு வந்து, 1662இல் டென்மார்க் அரசருக்கு அனுப்பப்பட்டது. இன்று 45 இதழ்கள் உள்ளன. நடுவே எட்டு இதழ்கள் தொலைந்துவிட்டன. 1971இல் டென்மார்க் அதை ஐஸ்லாந்துக்குக் கப்பலில் திருப்பி அனுப்பியபோது, ரேக்யவீக் துறைமுகத்தில் மக்கள் திரளாகக் கூடி அதை வரவேற்றார்கள். ஓர் ஏட்டுக்காகத் துறைமுகத்தில் கூட்டம் கூடியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று உல் என்னும் தேவன். சிஃபின் மகன், தோருக்கு மனைவி வழி வந்த வளர்ப்பு மகன், வில்லாளி, பனிச்சறுக்கில் தேர்ந்தவன், இருவர் மட்டும் பொரும் தனிப்போரில் வேண்டிக்கொள்ளத் தக்கவன் என்று சில வரிகளே ஸ்நோரி தருகிறார். கதை என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் சுவீடனிலும் நார்வேயிலும் ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் உல் எங்கும் இருக்கிறான். கோதன்பர்க் நகரில் 1958 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கட்டிய உல்லெவி அரங்கின் பெயர்கூட உல்லின் கோயிலிடம் என்ற பழம்பெயரிலிருந்து வந்ததே. சுவீடனில் லில்லா உல்லெவி என்னும் இடத்தை 2007இல் அகழ்ந்தபோது, பழைய வழிபாட்டு மேடையும் இரும்பு வளையங்களும் கிடைத்தன. ஊர்ஊராகக் கோயில் கொண்டிருந்த தெய்வம், ஏட்டில் எழுதும் காலம் வருவதற்குள் கதைகளை இழந்துவிட்டது. ஐஸ்லாந்து கி.பி. 1000 அளவில் கிறித்துவத்தை ஏற்றது. ஸ்நோரி எழுதியதோ அதற்கு 200 ஆண்டுகளுக்குப் பிறகு. பனிச்சறுக்கு வீரர்கள் இன்றும் உல்லைத் தங்கள் காவலனாகக் கொண்டு, அவன் உருவம் பொறித்த பதக்கத்தை அணிவதுண்டு.

மறுபக்கமும் உண்டு. வியாசர் பாரதத்தில் அரவான் சிறியவன். கூவாகத்துக்குப் போய்ப் பார்த்தால் அவனே தலைவன். அதுபோல, சிகின் என்பவள் எட்டாக்களில் லோகியின் மனைவி என்பதைத் தவிர ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஒரே ஒரு காட்சிதான் அவளுக்கு. கட்டிப்போடப்பட்ட லோகியின் முகத்தின்மேல் பாம்பின் நஞ்சு சொட்டுகிறது. அவள் பக்கத்தில் நின்று ஒரு கிண்ணத்தில் அதை ஏந்துகிறாள். கிண்ணம் நிறைந்து அதைக் கொட்டப் போகும் நேரத்தில் விழும் சொட்டுக்கு அவன் துடிப்பதே நிலநடுக்கம். இங்கிலாந்தின் கம்பிரியாவில் கோஸ்ஃபோர்த் என்னும் ஊரில், தேவாலய முற்றத்தில் 10ஆம் நூற்றாண்டின் உயரமான கற்சிலுவை நிற்கிறது. அதன் அடிப்பகுதியில், கட்டுண்டு கிடக்கும் ஓர் ஆணும், அவன்மேல் கிண்ணம் ஏந்திக் குனிந்திருக்கும் பெண்ணும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அதே சிலுவையில், ஓடினை விழுங்கிய ஓநாயின் வாயைப் பிளந்து பழிதீர்க்கும் ஓடினின் மகன் விடாரும் இருக்கிறான். கிறித்துவின் சிலுவையில் இவர்களையும் செதுக்கிய அந்தச் சிற்பிக்கும், அதை வணங்கிய ஊராருக்கும் இந்த இருவரும் சிறு பாத்திரங்களாக இருந்திருக்க மாட்டார்கள். 1863இல் சுவீடிய ஓவியர் மோர்டன் எஸ்கில் விங்கே தீட்டிய பெரிய ஓவியத்திலும் அதே கிண்ணம், அதே பெண்.

விடாருக்குத் தடித்த காலணி ஒன்று உண்டு. ஓநாயின் கீழ்த்தாடையை மிதிப்பதற்கானது. செருப்புத் தைக்கிறவர்கள் விரலுக்கும் குதிகாலுக்கும் வெட்டி எறியும் தோல்துண்டுகளால் ஆனது அது. ஆகவே தேவர்களுக்கு உதவ விரும்புகிறவர்கள் அந்தத் துண்டுகளை எடுத்து வைக்க வேண்டாம், எறிந்துவிட வேண்டும் என்று ஸ்நோரி எழுதுகிறார். எந்தப் பெருங்கதையிலும் எனக்கு இதைவிடப் பிடித்த வரி இல்லை. உலகின் கடைசிப் போருக்கு வேண்டிய காலணி, எல்லாத் தெருவிலும் உள்ள செருப்புத் தைப்பவர்களின் கழிவுத்தோலில் தயாராகிக்கொண்டிருக்கிறது.

நுண்ணுயிரியல் மாணவி, திருவொற்றியூர்:

ராயபுரம் ஐயா எழுதியதைப் படித்த பிறகு, ஹோடரைப் பற்றி எழுதத் துணிவு வந்தது. நான் படிக்கும் துறையில் அவன் பெயர் அண்மையில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் அவனைத் தேடிப் படித்தேன்.

மூலத்தில் உள்ளது இதுதான். பால்டரை எதுவும் துன்புறுத்தலாகாது என்று எல்லாப் பொருள்களிடமும் ஆணை வாங்கிய தாய் ஃபிரிக், மிசில்டோ என்னும் சிறு செடியை மட்டும் இளையது என்று விட்டுவிடுகிறாள். தேவர்கள் பால்டரை நடுவில் நிறுத்தி, கல்லும் அம்பும் எறிந்து விளையாடுகிறார்கள். வட்டத்தின் வெளியே ஹோடர் தனியே நிற்கிறான். நீ ஏன் எறியவில்லை என்று லோகி கேட்க, பால்டர் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை, கையில் ஆயுதமும் இல்லை என்கிறான். மற்றவர்களைப் போல நீயும் அவனுக்குச் சிறப்புச் செய், நான் திசை காட்டுகிறேன் என்று லோகி மிசில்டோக் குச்சியை அவன் கையில் கொடுக்கிறான். அவனை விளையாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அத்தனை தேவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை; தோன்றியவன் வஞ்சகன் ஒருவனே. தோழரே, உங்கள் மாணவனிடம் இந்த இடத்தை மறைக்காமல் சொல்லுங்கள். குற்றம் அவன் பார்வையில் இல்லை என்பதைக் கதையே காட்டிவிடுகிறது. ஹோடர் மிகுந்த வலிமை உடையவன் என்றும் ஸ்நோரி சொல்கிறார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு வடிவமும் உண்டு. 1200ஆம் ஆண்டையொட்டி டென்மார்க்கில் சாக்சோ கிரமாட்டிகஸ் இலத்தீனில் எழுதிய வரலாற்றில், ஹோதெருஸ் என்னும் பெயரில் வருபவன் பார்வையுள்ள மனித வீரன். நீச்சலிலும் வில்லிலும் யாழிலும் வல்லவன். நன்னா என்னும் பெண்ணுக்காகப் பால்டரோடு போரிடுகிறான். அங்கே நம் பரிவு ஹோதெருஸ் பக்கமே செல்கிறது. ஒரே பெயருக்கு நேர் எதிரான இரண்டு மரபுகள் இருந்தன என்பதை மூத்த மாணவர்களிடம் சொல்லலாம்.

என் துறைக்கு வருகிறேன். கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே, 2,300 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கொதிநீரைக் கக்கும் ஊற்றுக்கூட்டம் ஒன்று 2008இல் கண்டுபிடிக்கப்பட்டது. கோட்டை போன்ற தோற்றத்தாலும், கண்டுபிடிக்கக் கடினமாக இருந்ததாலும் அதற்கு லோகியின் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். அதற்கு அருகிலிருந்து எடுத்த கடலடிச் சேற்றில் கிடைத்த மரபணுத் தொடர்களை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போல உட்கரு இல்லாத, ஆனால் அவற்றிலிருந்து வேறான நுண்ணுயிர்கள்) வகை ஒன்றை 2015இல் அறிவித்தபோது, அதை லோகியின் பெயரால் அழைத்தார்கள். அதன் உறவினங்கள் தொடர்ந்து கிடைக்கவே தோர், ஓடின், ஹெய்ம்டால் பெயர்களும் வந்தன. மொத்தக் குழுவுக்கும் தேவர்களின் நகரமான ஆஸ்கார்டின் பெயரே நிலைத்தது. உட்கரு உள்ள செல்களால் ஆன எல்லா உயிர்களும், அதாவது செடியும் மீனும் மனிதரும், இந்தக் குழுவின் உள்ளிருந்தே கிளைத்திருக்க வேண்டும் என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. 2023இல் வெளியான விரிவான ஆய்வு, அவற்றுள் நமக்கு மிக நெருங்கிய உறவு எது என்று சுட்டிய உட்பிரிவுக்கு வைத்த பெயர், ஹோடரிலிருந்து எடுத்த ஹோடார்க்கியேல்ஸ். ஓடினும் தோரும் இருக்க, நமக்கு மிக அருகில் இருப்பது அவன் பெயர்தான்.

கதையின் முடிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பால்டருக்குப் பழிவாங்குவதற்காகவே ஓடினுக்கு வாலி என்னும் மகன் பிறக்கிறான். பிறந்து ஓர் இரவே ஆன குழந்தை போய் ஹோடரைக் கொன்றுவிடுகிறது. உலகம் அழிந்து மீண்டும் பச்சையாக எழும்போது, விதைக்காத வயல்கள் விளையும் அந்த நாளில், ஹோடரும் பால்டரும் சேர்ந்தே திரும்பி வந்து ஒரே மண்டபத்தில் வாழ்கிறார்கள் என்று செய்யுள் எட்டாவின் முதற்பாடல் சொல்கிறது. ஏமாற்றப்பட்டவனைக் கொன்றது நியாயமா என்று பிள்ளைகள் உங்களைக் கட்டாயம் கேட்பார்கள். மூலத்தில் அதற்கு விடை இல்லை. வாலியின் பகுதியைச் சொல்லிவிட்டு அந்த வாரக் கூட்டத்தை அங்கேயே நிறுத்தி, பிள்ளைகளைப் பேச விட்டு, இருவரும் திரும்பி வருவதை அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்பது என் யோசனை. அந்த மாணவன் என்ன சொன்னான் என்பதை, அவனுக்குச் சம்மதம் என்றால், இங்கே எழுதுங்கள்.